அணியில் யாருக்கு இடம்? இரும்புக்கை மாயாவி முதல் அல்டிமேட் அலையன்ஸ் வரை

1/ எங்க டாக்டர் உலகத்துல 'ரோஸ்டர்'னா டியூட்டி சார்ட். யாருக்கு நைட், யாருக்கு ஞாயிற்றுக்கிழமைன்னு பேர் ஒட்டின உடனே சண்டை ஆரம்பிச்சிடும். வீடியோ கேம் உலகத்துலயும் அதே வார்த்தை, அதே சண்டை. 'மார்வெல் அல்டிமேட் அலையன்ஸ்' நாலாம் பாகம்னு ஒண்ணு வந்தா அதுல யார் யார் இருக்கணும்னு என் டைம்லைன்ல ஒரே பட்டியல் மயம். அதைச் சாக்கா வெச்சு ஒரு சின்ன வரலாறு. நீளமான த்ரெட். காபியோட உக்காருங்க.

2/ கேம் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு அறிமுகம். 2004-ல் ரேவன் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 'எக்ஸ்-மென் லெஜண்ட்ஸ்' செய்தது. நாலு வீரர்களைத் தேர்ந்தெடுத்து ஒரே அணியாகச் சண்டை போடுவது. 2005-ல் அதற்கு இரண்டாம் பாகம். 2006-ல் அதே நிறுவனம் எக்ஸ்-மென்னோடு நிறுத்தாமல் மார்வெல் உலகம் முழுவதையும் இழுத்துப் போட்டு 'அல்டிமேட் அலையன்ஸ்' கொண்டு வந்தது. இரண்டாம் பாகம் 2009. மூன்றாம் பாகம் வர பத்து வருஷம்: 2019 ஜூலை, நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு மட்டும்.

3/ இந்த கேம்ல அழகு என்னன்னா, வரலாறு தெரிஞ்சவனுக்குப் பரிசு உண்டு. காமிக்ஸில் உண்மையிலேயே ஒன்றாக இருந்த நாலு பேரை, உதாரணமா ஃபென்டாஸ்டிக் ஃபோரை, அப்படியே எடுத்தா அணிக்குக் கூடுதல் பலம் கிடைக்கும். பழைய புத்தகம் படிச்சவன் சண்டையில ஜெயிக்கிறான். இதை யோசிச்சவருக்கு ஒரு நமஸ்காரம்.

4/ முதல் பாகத்தில் இன்னொரு இடம். ஜீன் கிரே, நைட்க்ராலர் ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியும். யாரை விட்டோமோ அதற்கான விளைவு கடைசியில் வரும். கேஷுவாலிட்டியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இடம் விளையாட்டாகத் தெரியாது. ரெண்டாம் பாகம் இதை இன்னும் பெருசாக்கிச்சு: 'சிவில் வார்' கதை. சூப்பர் ஹீரோக்கள் அரசாங்கத்திடம் பதிவு செய்யணுமா, வேண்டாமா? நீங்க ஒரு பக்கம் நிக்கணும். அயர்ன் மேன் ஒரு பக்கம், கேப்டன் அமெரிக்கா எதிர்ப்பக்கம். நீங்க எடுக்கிற முடிவுதான் யார் உங்க அணியில் இருப்பாங்கன்னு தீர்மானிக்கும்.

5/ என் கட்சியைச் சொல்லிடறேன், அப்புறம் கமெண்ட்ல அடிங்க. ஆட்டம்னா முதல் பாகம். கரு-ன்னா ரெண்டாம் பாகம். பட்டியல்னா மூணாம் பாகம். எல்சா பிளட்ஸ்டோன், கிறிஸ்டல்னு சினிமா பார்த்து வந்தவங்களுக்கு முகமே தெரியாதவங்களுக்கு முதல் நாளே இடம் கொடுத்தாங்க. ஆனா ஃபென்டாஸ்டிக் ஃபோர்? 2020 மார்ச்சில், தனியாகக் காசு கொடுத்து வாங்கும் டிஎல்சியில்தான் வந்தாங்க. மார்வெலின் முதல் குடும்பம், கல்யாண வீட்டில் மூணாவது பந்தியில்!

6/ இப்போ நம்ம ஊர் கதைக்கு வருவோம். "டாக்டர், இந்தத் தலைமுறை பைத்தியம் எங்களுக்கு இல்லை"ன்னு சொல்ற அங்கிள்களே, ஒரு நிமிஷம். மாயாவியா ஸ்பைடரான்னு ஸ்கூல் வேன்ல அடிச்சுக்கிட்டது யாரு? தமிழ்நாட்டில் சூப்பர் ஹீரோ அணித்தேர்வுச் சண்டைக்கு ஐம்பது வயசு தாண்டியாச்சு.

7/ 1972. சிவகாசி. காலண்டரும் தீப்பெட்டி லேபிளும் அச்சடிக்கும் ஊரிலிருந்து முத்து காமிக்ஸ் வருகிறது. பதிப்பாளர் சௌந்தரபாண்டியன், ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. அதன் பிறகு லாரன்ஸ்-டேவிட் ஜோடி, ஜானி நீரோ. இந்த மூன்று பெயர்களையும் சேர்த்து இன்றும் தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் 'மும்மூர்த்திகள்' என்றுதான் சொல்வார்கள். தமிழின் முதல் சூப்பர் ஹீரோ ரோஸ்டர் இதுதான்.

8/ மூன்றுமே லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் சரக்கு. அமெரிக்க சூப்பர்மேனையும் பேட்மேனையும் விட்டுவிட்டு இந்த பிரிட்டிஷ் ஆட்கள் ஏன் நம்ம வீட்டுக்குள் வந்தார்கள்? சிவகாசி ஆசிரியர் மேஜைக்கு எந்தக் கதைகள் கையில் கிடைத்தனவோ, எவற்றுக்கு உரிமை கிடைத்ததோ, எவை கறுப்பு வெள்ளையில் நியூஸ் பிரிண்டில் அச்சாகுமோ, அவை வந்தன. இதை மனசுல வெச்சுக்கோங்க. பட்டியலில் முதல் கை எப்பவுமே உரிமைப் பத்திரத்தோட கை.

9/ மாயாவியின் அசல் பெயர் லூயிஸ் கிராண்டல். 1962 அக்டோபரில் 'வேலியண்ட்' வார இதழின் முதல் இதழிலேயே தொடங்கிய கதை. எழுதியவர் கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பொருத்திய ஆள். மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் மறையாது. இருட்டில் ஒரு கை மட்டும் மிதந்து வரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி பாத்ரூம் போக பயந்தவர்கள் இங்கே கை தூக்குங்க.

10/ டாக்டராக ஒரு பக்கக் குறிப்பு. 1961 கடைசியில்தான் பிரிட்டனில் தாலிடோமைடு மாத்திரை சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. கர்ப்பிணிகள் சாப்பிட்டு, கை கால் வளர்ச்சியில்லாமல் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பல நாடுகளில் பிறந்த சமயம். உலகப்போரில் கை இழந்தவர்களும் தெருவில் நடமாடிய காலம். செயற்கைக் கை என்பது அன்றைக்குச் செய்தித்தாள் விஷயம். கிராண்டலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரும்புக் கை வைத்த நாயகனை 1962-ன் லண்டன் சிறுவன் வெறும் கற்பனையாகப் படித்திருக்க மாட்டான்.

11/ அதே பக்கக் குறிப்பில் இன்னொன்று. வீட்டு கரண்ட் 230 வோல்ட். தொட்டால் மறைய மாட்டீங்க. தசை இறுகி, பிடிச்ச கம்பியை விட முடியாம ஒட்டிக்குவீங்க; இதயத் துடிப்பு தாறுமாறாகும்; தசை சிதைஞ்சு சிறுநீரகம் வரைக்கும் அடிவாங்கும். யாராவது ஷாக்கில் மாட்டினா முதலில் மெயினை அணைங்க, அப்புறம் ஆளைத் தொடுங்க. அப்புறம், நிஜ செயற்கைக் கை கால் செய்யும் இடம் பார்க்கணும்னா நம்ம மேற்கு மாம்பலத்துக்குப் பக்கத்திலேயே கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கு. தேவைப்படுறவங்களுக்கு இந்தத் தகவலை அனுப்புங்க.

12/ திரும்பி வருவோம். கேம் கண்ணோட பார்த்தா மாயாவி அருமையா வடிவமைச்ச பாத்திரம். சக்தி இலவசம் இல்லை, கரண்ட் வேணும். கொஞ்ச நேரம்தான் தாங்கும், அப்புறம் உருவம் தெரிய ஆரம்பிக்கும். மறைஞ்சாலும் கை தெரியும். இன்றைக்கு கேம் செய்பவர்கள் 'கூல்டவுன்', 'பேலன்ஸ்'னு மண்டையை உடைச்சுக்கிறதை 1962-லேயே ஒரு வார இதழ் முடிச்சு வெச்சிருக்கு. பலவீனம் இருந்ததால்தான் பக்கத்துக்குப் பக்கம் பதட்டம் இருந்தது.

13/ அடுத்து 1984. சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் பதின்ம வயதிலேயே லயன் காமிக்ஸ் தொடங்குகிறார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. கவனியுங்க: தமிழ்ச் சிறுவர்கள் வாங்கும் ஒரு இதழின் முதல் நாயகி ஒரு பெண். மாடஸ்டி பிளைசி. எழுதியவர் பீட்டர் ஓ'டானல். இன்னிக்கு கேம் பட்டியல்ல ரெண்டு பெண் கூடினாலே "எதுக்கு இத்தனை பேர்"னு முனகுற அண்ணன்கள், நாற்பது வருஷத்துக்கு முந்தைய சிவகாசியைப் பார்த்துக் கத்துக்கணும்.

14/ ஆனா லயனைத் தூக்கி நிறுத்தினது ஸ்பைடர். இது மார்வெலின் ஸ்பைடர்மேன் இல்லை. கூரான காது, வளைஞ்ச புருவம், கறுப்பு உடை, வலை வீசும் துப்பாக்கி. 1965-ல் லண்டன் 'லயன்' இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்து பிறந்தவன். அவன் ஆரம்பத்தில் ஹீரோவே இல்லை. குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜா ஆகணும்னு கிளம்பிய திருடன். அப்புறம்தான் மனசு மாறி மத்த திருடர்களைப் பிடிக்க ஆரம்பிக்கிறான்.

15/ இதில் நம்ப முடியாத ஒரு விஷயம். கோவனுக்குப் பிறகு ஸ்பைடர் கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆமாம், ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கிய அதே சீகல். 1938-ல் சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் அந்த இருவரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு எத்தனையோ வருஷம் வழக்கு, வறுமை. 1975-ல்தான் வருடாந்திர உதவித்தொகையும், படைப்பாளி என்ற பெயரும் திரும்பக் கிடைத்தன.

16/ யோசிச்சுப் பாருங்க. தான் பெத்த பிள்ளை ஊரெல்லாம் பறக்குது, அப்பாவுக்கு அதில் உரிமை இல்லை. அந்த மனுஷன் கடல் கடந்து லண்டன் கம்பெனிக்கு, அடுத்தவர் உருவாக்கிய ஒரு திருடனுக்குக் கதை எழுதுறார். அந்தக் கதை சிவகாசி வந்து, தமிழாகி, மாம்பலம் ஸ்டேஷன் ஓரத்துப் பழைய புத்தகக் கடையில் தொங்குது. வாங்கிப் படிச்ச பையனுக்கு சீகலும் தெரியாது, 130 டாலரும் தெரியாது. ஸ்பைடர் அடுத்த மாசம் வருவானா, அது ஒண்ணுதான் கவலை.

17/ திருந்திய திருடன் மேல் நமக்கு ஏன் இவ்வளவு பிரியம்? மாயாவியும் தொடக்கக் கதையில் நல்லவன் இல்லை. கிடைத்த சக்தியைத் தப்பாகத்தான் பயன்படுத்தினான். பிறகுதான் ரகசிய உளவாளி. இதில் நமக்கு அதிர்ச்சியே இல்லை. வழிப்பறி செய்தவரைத் திருமங்கையாழ்வாராகக் கும்பிடுகிற ஊர் இது. அயோத்யா மண்டபத்து உபன்யாசத்தில் சாயங்காலம் கேட்ட கதையும், ராத்திரி போர்வைக்குள் டார்ச் அடிச்சுப் படிச்ச கதையும் ஒரே வழியில்தான் நடந்தன.

18/ இங்கே ஒரு டாக்டர் கதைக்குள் வருகிறார், பெருமைப்படும்படி இல்லை. நியூயார்க் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம். காமிக்ஸ்தான் பிள்ளைகளைக் குற்றவாளி ஆக்குகிறது என்று 1954-ல் புத்தகம் எழுதினார். அமெரிக்க செனட் விசாரணை நடந்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களே 'காமிக்ஸ் கோட்' என்ற கட்டுப்பாட்டைப் போட்டுக்கொண்டார்கள். குற்றவாளி மேல் அனுதாபம் வரக்கூடாது, நல்லவன்தான் ஜெயிக்கணும் என்பதெல்லாம் விதி. ஒரு டாக்டரின் புத்தகம் ஒரு நாட்டின் ரோஸ்டரையே திருத்தி எழுதியது.

19/ அறுபது வருஷம் கழித்து கேரல் டில்லி என்ற ஆய்வாளர் வெர்தமின் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தார். நோயாளிக் குழந்தைகள் சொன்னதை அவர் தன் வாதத்துக்குத் தோதாக மாற்றியும் கூட்டியும் குறைத்தும் எழுதியிருந்தது வெளியே வந்தது. என் துறைக்கு இது ஒரு பாடம். முடிவை முதலில் எழுதிவிட்டு அப்புறம் கேஸ் ஷீட் தேடக்கூடாது.

20/ அந்தக் கோட் அமெரிக்காவுக்கு மட்டும்தான். பிரிட்டனில் 1955-ல் திகில் காமிக்ஸுக்கு எதிராகச் சட்டம் வந்தது, ஆனால் திருடன் கதாநாயகனாக இருக்க அங்கே தடை இல்லை. அதனால்தான் ஸ்பைடர் மாதிரி ஒருத்தன் லண்டனில் பிறக்க முடிந்தது என்பது என் கணிப்பு. அமெரிக்க கேம்களில் இந்தக் கதவு திறந்தது ரொம்பப் பின்னாடி: 2005-ன் எக்ஸ்-மென் லெஜண்ட்ஸ் இரண்டாம் பாகத்தில் மேக்னெட்டோ நம்ம அணியிலேயே நின்னு சண்டை போட்டார். நம்ம பிள்ளைகளுக்கு அதெல்லாம் 1984-லேயே பழகிப்போன விஷயம்.

21/ "டாக்டரே கேமை ஆதரிக்கலாமா?" கேள்வி வரும்னு தெரியும். 'கேமிங் டிஸ்ஆர்டர்' என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலில் இருக்கிறது, 2022 முதல் நடைமுறையில். ஆனால் விளையாடுவதே நோய் இல்லை. கட்டுப்பாடு கையை விட்டுப் போய், படிப்பு, தூக்கம், உறவு எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாமல், வழக்கமாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். பையன் ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் விளையாடினதுக்கு மாத்திரை கேட்டு வராதீங்க.

22/ பெயர்க் குழப்பம் ஒன்று சொல்லணும். அதே 1984-ல் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸ் தொடங்கியது, ஜேம்ஸ் பாண்டோடு. அதில் ஃபேன்டமுக்கு வைத்த பெயர் மாயாவி! முகமூடி போட்ட காட்டு மாயாவி. அதே ஃபேன்டம் முத்து காமிக்ஸில் வேதாளர். ஆக ஒரே ஆளுக்கு ரெண்டு பெயர், ஒரே பெயரில் ரெண்டு ஆள். "மாயாவி பெஸ்ட்"னு ஒருத்தன் சொன்னா எந்த மாயாவின்னு கேட்டுட்டுத்தான் சண்டைக்குப் போகணும். மருந்துக் கடையில் ஒரே மருந்துக்கு நாலு பிராண்டும், ஒரே மாதிரி ஒலிக்கும் ரெண்டு வேற மருந்தும் இருக்கிற மாதிரி. அங்கே தப்பினால் ஆபத்து. இங்கே தப்பினால் மூக்கில் ரத்தம்.

23/ மேற்கு மாம்பலத்தில் இந்தச் சண்டைக்குக் களம் வாடகை நூலகங்கள். தெருவுக்கு ஒண்ணுன்னு சொல்ற அளவுக்கு இருந்த காலம். சுஜாதாவும் ராஜேஷ்குமாரும் அலமாரியில், காமிக்ஸ் கயிற்றில். ஒரு புத்தகத்தை ஒருத்தன் எடுப்பான், திண்ணையில் நாலு தலை சேர்ந்து படிக்கும். பிற்காலத்தில் அதே தெருக்களில் ப்ரவுசிங் சென்டரும் கேம் பார்லரும் வந்தன. ஒரு டிவி, நாலு கன்ட்ரோலர், நாலு பேர். "நீ போன தடவை வுல்வரின் எடுத்த, இன்னிக்கு நான்." திண்ணை மாறிச்சு. நாலு தலை மாறலை.

24/ கேம் கம்பெனிகள் சில சமயம் இதைப் புரிஞ்சுக்கிறதில்லை. 2017-ல் 'மார்வெல் வெர்சஸ் கேப்காம்: இன்ஃபினிட்' வந்தபோது எக்ஸ்-மென்னில் ஒருத்தர் கூட இல்லை. அந்தத் தொடரின் அடையாளமே அவர்கள்தான். ஒரு பொறுப்பாளர் பேட்டியில், பாத்திரம் என்பது அது செய்யும் வேலைதான், அதே வேலையைச் செய்யும் வேறொருவர் இருக்கிறாரே என்ற பொருளில் பேசினார். ரசிகர்கள் வருஷக்கணக்கில் அதைச் சொல்லிச் சொல்லியே கிண்டல் பண்ணாங்க.

25/ அந்தக் கணக்கு ஏன் தப்பு? ஃபென்டாஸ்டிக் ஃபோரின் ஸூ ஸ்டார்ம் கண்ணுக்குத் தெரியாமப் போவார். மாயாவியும் போவார். வேலை ஒண்ணுதான். மாயாவி ரசிகரிடம் "அதான் ஸூ இருக்காங்களே, போதும்"னு சொல்லிப் பாருங்க. அவர் தேடுறது மறையும் சக்தியை இல்லை. ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சை லீவு, நியூஸ் பிரிண்ட் வாசனை, அட்டை கிழிஞ்சதுக்கு அண்ணன்கிட்ட வாங்கின குட்டு, இது எல்லாத்தையும் சேர்த்துத்தான் அவர் 'மாயாவி'ன்னு சொல்றார்.

26/ உரிமைப் பத்திரம்னு மேலே சொன்னேனே, அதன் இன்னொரு முகம். 'மார்வெல்ஸ் அவெஞ்சர்ஸ்' (2020) கேமில் ஸ்பைடர்மேன் வந்தார், ஆனா பிளேஸ்டேஷன் வெச்சிருந்தவங்களுக்கு மட்டும். மத்தவங்க அதே காசு கொடுத்தும் அவர் இல்லாமலே ஆடணும். 2023 செப்டம்பர் 30-க்குப் பிறகு அந்த கேமே ஆன்லைன் கடைகளில் விற்பனைக்கு இல்லை. அல்டிமேட் அலையன்ஸ் முதல் இரண்டு பாகங்களும் 2016-ல் புது மெஷின்களுக்கு மறுபடி வந்து, 2018-ல் கடையிலிருந்து காணாமல் போயின. மாயாவிக்காவது கை தெரியும். இவை முழுசா மறைஞ்சுடுச்சு.

27/ இனி க்ளைமாக்ஸ். நம்ம தமிழ் நாயகர்கள் எப்பவாவது ஓர் அணியா சேர்ந்திருக்காங்களா? சேர்ந்திருக்காங்க! 2005-06-ல் அமெரிக்காவில் டிசி-யின் வைல்ட்ஸ்டார்ம் பிரிவு 'ஆல்பியன்' என்று ஆறு இதழ் வெளியிட்டது. கதைக்கரு ஆலன் மூர். எழுதியவர்கள் அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். பழைய பிரிட்டிஷ் ஹீரோக்களை அரசாங்கம் பிடித்து ரகசியச் சிறையில் அடைத்து வைத்திருக்கிறது. கதையில் யார் யார் வருகிறார்கள்? இரும்புக்கை மாயாவி. ஸ்பைடர். கூடவே சட்டித்தலையன் ஆர்ச்சி, லயன் காமிக்ஸில் நாம் சிரிச்சு ரசிச்ச அதே இரும்பு ரோபோ. லண்டனே ஏறக்குறைய மறந்துபோன ஆட்களை சிவகாசி மட்டும் விடாமல் அச்சடித்துக்கொண்டிருந்தது.

28/ இப்போ அவங்க உரிமை யார்கிட்ட? ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ரெபெல்லியன். 2016-லும் 2018-லும் ரெண்டு தவணையா அந்தப் பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் களஞ்சியத்தை வாங்கினாங்க. ரெபெல்லியன் முதலில் என்ன கம்பெனி தெரியுமா? வீடியோ கேம் கம்பெனி! 'ஸ்னைப்பர் எலீட்' அவங்களுதுதான். காமிக்ஸை கேம் ஆக்கின அனுபவமும் உண்டு: 2003-ல் ஜட்ஜ் ட்ரெட், 2006-ல் ரோக் ட்ரூப்பர். மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூணு பேரும் ஒரு கேம் கம்பெனியோட பெட்டிக்குள்ள உக்காந்திருக்காங்க.

29/ அதனால் என் கனவு ரோஸ்டர், நாலே பேர். ஆர்ச்சி: முன்னாடி நின்னு அடி வாங்கும் டேங்க். ஸ்பைடர்: வலையும் வாயுத் துப்பாக்கியும், தூரத்தாக்குதல், நடுநடுவே தற்பெருமை வசனம். மாயாவி: மறைந்து நுழையும் வேலை, கரண்ட் தீர்ந்தால் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் தேடணும், மின்வெட்டு நேரத்துல விளையாடினா கூடுதல் கஷ்டம். தலைவி: மாடஸ்டி. அவங்க உரிமை வேற இடம்னு தெரியும். கனவுக்கு யாரும் ராயல்டி கேட்கப் போறதில்லை.

30/ நடக்குமா? சினிமாவில் லோகேஷ் கனகராஜின் 'இரும்புக்கை மாயாவி' பல வருஷமா பேச்சிலேயே இருக்கு. கேம் அதைவிடத் தூரம். ஆனா ஒரு விஷயத்தைக் கவனியுங்க. 2012 சென்னை புத்தகக் காட்சியோடு லயன்-முத்து மறுபடி எழுந்து வந்ததே, அது எப்படி? ஆசிரியர் விஜயன் தன் வலைப்பூவில் வாசகர்களோடு உட்கார்ந்து பேசினார். டெக்ஸ் வில்லர் எத்தனை, லக்கி லூக் எத்தனை, பழைய மறுபதிப்பு வேணுமா வேண்டாமான்னு வாரா வாரம் விவாதம். வாசகன் சந்தா கட்டினான், திட்டினான், மறுபடி சந்தா கட்டினான். முதல் பட்டியலை உரிமைப் பத்திரம் எழுதிச்சு. அதுக்கப்புறம் எழுதினதில் வாசகனுக்கும் பங்கு இருக்கு. பெரிய பெரிய கேம் கம்பெனிகள் இன்னும் கத்துக்காத பாடம் இது.

31/ கடைசியா ஒரு வேண்டுகோள், இதுக்காகத்தான் இவ்வளவு எழுதினேன். மேற்கு மாம்பலத்தில் பழைய வீடுகள் வேகமா இடிபட்டு ஃப்ளாட் ஆகிட்டிருக்கு. பரண் காலி பண்ணும்போது பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் கிடைச்சா எடைக்குப் போடாதீங்க. 1985-ல் மூர் மார்க்கெட் எரிஞ்சப்போ எவ்வளவோ பழைய புத்தகம் சாம்பலாச்சு. நியூஸ் பிரிண்டில் அமிலம் உண்டு, அது தானாகவே தன்னைத் தின்னும். செல்லோ டேப் ஒட்டாதீங்க, லேமினேட் பண்ணாதீங்க. ஈரம் படாம, வெயில் படாம, படுக்கை வாக்கில் வையுங்க. முடிஞ்சா ஒரு பிரதி ஸ்கேன் எடுத்து வெச்சுக்கோங்க. வெச்சுக்க இடம் இல்லைன்னா சேகரிப்பாளர்கள் இருக்காங்க. பழைய தமிழ் அச்சைக் காப்பாத்துற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இருக்கு, ஒரு போன் போட்டுக் கேளுங்க.

32/ கடையிலிருந்து எடுத்துட்ட கேமை அந்தக் கம்பெனி நினைச்சாத்தான் திரும்பக் கொண்டு வர முடியும். பரணில் இருக்கும் மாயாவியைக் காப்பாத்த நீங்களும் ஒரு தூசித் துணியும் போதும். சரி, இப்போ உங்க நாலு பேர் யார் யார்? தலைவர் யார்? கமெண்ட்ல போடுங்க. வேதாளரைச் சேர்க்கிறவங்க எந்த மாயாவின்னு தெளிவா எழுதவும். எனக்கு சாயங்கால ஓ.பி. இருக்கு, ராத்திரி வந்து எல்லார்கிட்டயும் சண்டை போடறேன்.